படவேடு, ஆற்காடு ஒரு நாள் கார் சுற்று: வண்டி சரி, வரிசைதான் தப்பு

வேலூரில் வாடகைக் கார்க்காரர்கள் பழைய தலைநகரங்களைக் காட்ட வழக்கமாகப் போடும் வரிசை இது: காலையில் கோட்டை, அடுத்து ஆற்காடு, சாப்பாட்டுக்குப் பிறகு படவேடு. இப்படிப் போனால் படவேட்டில் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்க வேண்டும். சிறு கோயில்கள் உச்சிவேளைக்கு நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும்.

வரிசையை அப்படியே திருப்பச் சொல்லுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பி, கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாக முதலில் படவேடு. சம்புவராயர்களின் தலைநகர் அது. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்றபின், படைவீட்டு ராஜ்ஜியம் என்ற பெயரில் விஜயநகரத்தின் ஒரு மாகாணம் ஆனது. இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு தலைநகரின் மேல் நிற்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை, மனசு கேட்கவில்லை.

யோக ராமர் சன்னிதியை மட்டும் விடவே கூடாது. கையில் வில் இல்லை. ராமர் சின்முத்திரையோடு அமர்ந்திருக்க, எதிரே அனுமன் ஓலைச்சுவடி படிக்கிறார். அர்ச்சகரிடம் கேட்டு விளக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னால்தான் விரல்கள் தெளிவாகத் தெரியும். கோட்டைமலை வேணுகோபாலர் கோயிலுக்கு ஏற்றம் கடுமை; வண்டி மேலே ஏறுமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர்.

அடுத்து, ஆரணி வழியாக ஆற்காடு. கர்நாடக நவாபுகளின் தலைநகரில் கோட்டை மதில் போய்விட்டது; பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751இல் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் ராபர்ட் கிளைவ் 50 நாள் முற்றுகையைத் தாங்கியது இந்த ஊர்க் கோட்டைக்குள்தான். அரை மணி நேரம் போதும். திப்பு மஸ்தான் அவுலியா தர்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; திப்பு சுல்தானுக்குப் பெயர் வந்தது இவரால்தான். இந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா அன்றன்றைக்குப் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலூர்க் கோட்டை கடைசியில் போதும். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கல்யாண மண்டபத் தூண்களுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். அருங்காட்சியகத்தை இதே நாளில் திணிக்காதீர்கள், வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை வேறு.

வாடகை பேசும்போது ஒன்று கவனியுங்கள்: இந்தச் சுற்று 100 கிலோமீட்டரைத் தாண்டும். 100 கிலோமீட்டர் கணக்கில் பேசிவிட்டால், கூடுதல் தூரத்துக்கும் காத்திருப்புக்கும் தனியாகப் போட்டு, கடைசியில்தான் சொல்வார்கள். கிளம்பும் முன் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.