லினக்ஸ் கெர்னலின் வேர்க்கியூ: இறால் குளத்தில் ஆறு மாதம்

லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் நிரல்) எழுதுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னணியில் ஒரு வேலை திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்றால் உடனே தனியாக ஒரு கெர்னல் திரெட் (தனித்து ஓடும் நிரலோட்டம்) எழுத உட்காராதீர்கள், வேலையை வரிசையில் போட்டால் கெர்னலே ஆள் வைத்துச் செய்துதருகிற வேர்க்கியூ போதும். நானும் திரெட்டில்தான் தொடங்கினேன், அதைத் தூங்கவைப்பது, எழுப்புவது, நில் என்றால் ஒழுங்காக நிற்கவைப்பது என்று இரண்டு வாரம் போய்விட்டது. பிறகு மாற்றி எழுதியபோது அந்தக் கோடில் முக்கால்வாசி தேவையே இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் மச்சானுக்கு இறால் குளம் இருக்கிறது. மாரி மழை பிடித்தால் வாவித் தண்ணீரில் உப்பு இறங்கும், முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே வந்தால் ஏறும், குளத்துக்கு எப்போது தண்ணீர் எடுப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காக ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டில் ஒரு உப்பு சென்சர், கெர்னல் 6.12. நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒவ்வொன்றுக்கும் 600 மில்லிசெக்கன் பிடிக்கும். பைத்தானிலேயே செய்யலாமே என்பீர்கள்; செய்யலாம், எனக்கு டிரைவர் எழுதிப் பழக ஆசை.

டைமருக்குள் தூங்கக்கூடாது (சிபியூவை விட்டுக்கொடுத்துக் காத்திருப்பதைத்தான் தூங்குவது என்கிறேன்), சென்சரை வாசிப்பதோ காத்திருந்து செய்கிற வேலை. டிலேய்ட் வேர்க் அதற்கென்றே இருக்கிறது: நேரம் வந்ததும் டைமர் வேலையை வரிசையில் போடும், கேவேர்க்கர் என்ற கெர்னலின் வேலையாள் திரெட் ஒன்று எடுத்துச் செய்யும், அங்கே தாராளமாகத் தூங்கலாம். 2010இல் கெர்னல் 2.6.36 உடன் டெஜுன் ஹியோ கொண்டுவந்த மாற்றம்தான் இதன் உயிர். அதற்கு முன் வரிசைகள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் சிபியூவுக்கு ஒரு திரெட் என்று தனியாக வைத்திருந்தன. இப்போது வேலையாட்கள் எல்லா வரிசைக்கும் பொது, ஒருவர் தூங்கினால் கெர்னலே இன்னொருவரை எழுப்பி அடுத்த வேலையைக் கொடுக்கும்.

ஆனால் உண்மையில் தூங்க வேண்டும். நான் எம்ஸ்லீப் போட வேண்டிய இடத்தில் எம்டிலே போட்டிருந்தேன், அது தூங்காமல் சிபியூவைப் பிடித்துக்கொண்டு சுற்றும். சில நிமிடங்களில் கெர்னலின் பதிவேட்டில் எச்சரிக்கை வந்தது: உன் ஃபங்ஷன் 10,000 மைக்ரோசெக்கனுக்கு மேல் சிபியூவைப் பிடித்து வைத்தது, 4 தடவை, அன்பவுண்ட் (எந்த ஒரு சிபியூவோடும் கட்டப்படாத) வரிசைக்கு மாற்றிப் பார் என்று, ஃபங்ஷனின் பெயரோடு. அன்பவுண்ட் தேவைப்படவில்லை, எம்ஸ்லீப் போட்டதும் சரி. கெர்னலை நீங்களே கம்பைல் செய்தால் இந்த எச்சரிக்கைக்கான ஆப்ஷனைக் கட்டாயம் போடுங்கள்.

அடுத்தது நேரம் நழுவுவது. அளந்து முடிந்த பிறகு அடுத்த 60 செக்கனுக்கு வரிசையில் போட்டேன், அதனால் ஒரு சுற்று 60.6 செக்கன் ஆனது, நாளுக்கு 1440 அளவுகள் வர வேண்டிய இடத்தில் 1425. ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அடுத்த தடவைக்குப் போட்டுவிட்டால் இது தீரும். ஒரே வேலை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடாது என்பது வேர்க்கியூவே தருகிற உத்தரவாதம், ஆகவே பயமில்லை.

மொடியூலை, அதாவது ஓடுகிற கெர்னலில் சேர்த்த டிரைவரை, கழற்றும்போதுதான் அடி வாங்கினேன். காத்திருக்கும் வேலையை ரத்துசெய்து, ஓடுவது முடியும்வரை நிற்கிற கேன்சல் டிலேய்ட் வேர்க் சிங்க் ஃபங்ஷனை அழைக்க மறந்து கழற்றினேன், டைமர் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு நிமிடத்துக்குள் போர்டு விழுந்தது, ஃபங்ஷன் இருந்த நினைவகமே அப்போது அங்கே இல்லை. அப்புறம் இன்னொன்று, வேலை எடுக்கிற அதே லொக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்துக்கொண்டு அந்த கேன்சலை அழைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து அப்படியே நின்றுவிடும். இந்த இரண்டையும் கவனிப்பது முழுக்க உங்கள் பொறுப்பு, இதற்காகத்தான் 5இல் 4 கொடுக்கிறேன்.

கெர்னல் 6.6இல் ஷெடியூலர், அதாவது யாருக்கு எப்போது சிபியூ என்று தீர்மானிக்கும் பகுதி, சிஎஃப்எஸ் என்ற முறையிலிருந்து ஈஈவிடிஎஃப் என்ற முறைக்கு மாறியதே, அதனால் பலன் உண்டா என்று நண்பர்கள் கேட்டார்கள். கேவேர்க்கரும் அந்த ஷெடியூலருக்குக் கீழேதான் ஓடுகிறது, ஆனால் நிமிடத்துக்கு ஒரு வேலைக்கு வித்தியாசம் தெரியாது.

பொது வரிசையில் போடாமல் சொந்தமாக ஒன்று எடுத்து நல்ல பெயர் வையுங்கள். என்னுடையது 'உப்பு'. வேலை ஓடும்போது, ஓடுகிறவற்றைப் பட்டியலிடும் டொப் கட்டளையில் கேவேர்க்கருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரும் தெரியும், யார் சிபியூவைத் தின்கிறார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை. கார்த்திகை மழைக்கு முன் இரண்டாவது குளத்துக்கும் ஒரு போர்டு வைக்கப்போகிறோம், அதற்கும் இதே டிரைவர்தான்.