தவணை கட்ட முடியாத வாரத்தில் எந்தக் கடன் தேவலாம்?

வட்டியை மட்டும் பார்த்தால் கந்துவட்டியைவிட மைக்ரோ ஃபைனான்ஸ் மலிவுதான். (‘ஃபிளாட்’ 12% என்று சொன்னால் மட்டும் உஷார்: அசல் வாராவாரம் குறைந்தாலும் வட்டி முழுத்தொகைக்கே போடப்படுவதால், உண்மையில் ஏறத்தாழ இருமடங்கு ஆகிவிடும்.) ஆனால் ஏழைக் குடும்பம் நொடிவது, உடம்புக்கு முடியாமல் கூலி போன வாரத்தில். அந்த வாரத்தை வைத்துத்தான் நான் ஒப்பிடுவேன்.

கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று அசிங்கமாகப் பேசுவார். ஆனாலும் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் பொறுப்பார். அசல் அப்படியே நிற்கும். அவர் பிழைப்பே அதுதான்.

மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் குழுக்கடனில் அந்தப் பொறுமையும் இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுவரை கூட்டம் கலையாது. வசூலிக்க வருபவர் குரலை உயர்த்தவே வேண்டாம். நேற்றுவரை குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியே சண்டைக்கு வருவாள். அந்த அவமானத்துக்குப் பயந்து இன்னொரு நிறுவனத்தில் வாங்கி இங்கே கட்டுவார்கள். 2010-இல் ஆந்திராவில் இப்படிக் கடன்மேல் கடன் குவிந்து, தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வர, அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது.

இத்தனை நெருக்கடி இல்லாவிட்டால் பணம் திரும்பாதா? பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி குழுப்பொறுப்பை நீக்கிப் பார்த்தது, வாராக்கடன் கூடவில்லை. கொல்கத்தாவில் வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றிச் செய்த ஆய்வில், கடன் வாங்கியவர்களின் மன உளைச்சல் நன்றாகவே குறைந்தது. அப்புறம் எதற்கு அந்த வாராந்திர வதை?

சரி, தனிநபர் கடன்? ஊர் முன்னால் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அடமானம் கேட்டால் கதை வேறு. கம்போடியாவில் குறுங்கடனுக்கே நிலப் பட்டாவை வாங்கி வைக்கிறார்கள். தவணைக்காக நிலத்தை விற்ற குடும்பங்கள் அங்கே உண்டு. அவமானம் ஆறலாம், விற்ற நிலம் திரும்பாது.

சேமிப்புக் குழு, 1991-இல் ஆப்பிரிக்க நாடான நைஜரில் கேர் (CARE) தொண்டு அமைப்பு தொடங்கிய மாதிரி, வேறு ரகம். போட்டதும் எடுப்பதும் உறுப்பினர் பணம்; வட்டியும் அவர்களுக்கே திரும்பும். தவணை தள்ளிப்போனால் பேசி முடித்துக்கொள்ளலாம். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குக் குழுவின் பணப்பெட்டி போதாது. ஊர் முழுக்க வறட்சி என்றால் எல்லோரும் ஒரே வாரத்தில் கை நீட்டுவார்கள்.

நிலையில்லாத வருமானம் என்றால் என் வரிசை இது: முதலில் சேமிப்புக் குழு, அடுத்து அடமானம் இல்லாத மாதத் தவணைக் கடன். வாராவாரம் நிச்சயமாகக் காசு புரளும் தொழில் இருந்தால் மட்டும் குழுக்கடன். பழைய கடனை அடைக்க அதை வாங்கவே கூடாது.