இணையவழிப் பத்திரச் சேவை: கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

பென்சில்வேனியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கலிபோர்னியாவுக்கு வந்தபின், என் கணவர் தம் சம்பளத்தில் தம் பெயரில் மட்டும் வாங்கிய காலிமனையில் என் பெயரையும் சேர்ப்பதற்காக, இணையவழியே பத்திரம் தயாரித்துத் தரும் ஒரு சேவையைப் பயன்படுத்தினோம். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று மாலையே பத்திரம் வந்தது. கவுன்டி பதிவு அலுவலகம் கேட்கும் உரிமை மாற்ற அறிக்கையும் கூடவே இருந்தது. கணவன் மனைவிக்கிடையே உரிமை மாறினால் சொத்துவரி மறுமதிப்பீடு கிடையாது என்பதற்கான கட்டத்தையும் அதில் சரியாகக் குறித்திருந்தார்கள்.

சிக்கல் ‘உரிமை வகை’ என்ற இடத்தில் இருந்தது. அங்கே ‘ஜாயிண்ட் டெனன்சி’ (இருவருக்கும் சமபங்கு, ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்கே சேரும் கூட்டுரிமை) முன்கூட்டியே தேர்வாகியிருந்தது. காரணம் கேட்டதற்கு, பெரும்பாலான தம்பதியர் அதையே எடுக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. ஐயம் தீராமல், பதிவு செய்யுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டினோம்.

சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து இருவருக்கும் பொது என்று கொள்ளும் ‘கம்யூனிட்டி பிராப்பர்ட்டி’ முறை, கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் உள்ளிட்ட 9 மாநிலங்களில் நடப்பில் இருக்கிறது. 3 லட்சம் டாலருக்கு வாங்கிய மனை ஒருவர் இறக்கும்போது 9 லட்சம் பெறுமானால், இம்முறையில் முழு மனையின் அடக்க விலையும் (ஆதாயத்தைக் கணக்கிடும்போது வாங்கிய விலையாகக் கொள்ளப்படும் தொகை) 9 லட்சமாக உயர்வதால், உடனே அதே விலைக்கு விற்பவருக்கு மூலதன ஆதாய வரி இராது. வெறும் ஜாயிண்ட் டெனன்சியில் பாதி மட்டுமே உயரும். அடக்க விலை 6 லட்சம், வரிக்குரிய ஆதாயம் 3 லட்சம். பொதுப் பணத்தில் வாங்கியதால், ஜாயிண்ட் டெனன்சி என்று எழுதிய மனையும் பொதுச் சொத்தே என்று வாதாட இடமுண்டு. 2020இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பும் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால், துணையை இழந்து நிற்கும் நேரத்தில் அந்த வாதத்தை எதற்காகச் சுமக்க வேண்டும்? 2001 ஜூலை முதல் இங்கே, எஞ்சியவருக்கு நேரடியாகச் சேரும் உரிமையுடன் கூடிய கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்றே பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். வரிச் சலுகையும் கிடைக்கும், வாரிசு உரிமைக்காக நீதிமன்றம் ஏறவும் வேண்டாம். அந்தத் தளத்தின் பட்டியலில் இந்த வகையே இல்லை.

ஊர் மாறிவிட்டோமே என்று பென்சில்வேனியா வீட்டின் பத்திரத்தையும் மாற்றித் தர அத்தளம் முன்வந்தது. நல்லவேளையாக நாங்கள் இசையவில்லை. நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டமே அதன் உரிமையை ஆளும். அங்கே எங்களுக்கு இருப்பது தம்பதியருக்கே உரிய ‘டெனன்சி பை தி என்டயரிட்டி’. ஒருவர் மட்டும் பட்ட கடனுக்காகக் கடன்காரர் அந்த வீட்டில் கைவைக்க முடியாது. கூட்டரசு வருமான வரிப் பாக்கிக்கு மட்டும் இந்த அரண் நிற்காது என்பதை, மிச்சிகன் தம்பதி ஒருவரின் வழக்கில் 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

வழக்கறிஞருக்குக் கொடுத்தது தளத்தின் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. அது எனக்கு உறுத்தவில்லை. பத்திரத்தில் எந்த வாசகம் வேண்டுமென்று முன்பே அறிந்தவர்களுக்கு இச்சேவை 5இல் 3 மதிப்பெண் பெறும், அறியாதவர்களுக்கு 1.