ஏஐசி, பிஐசி, ஏஐசிசி: சின்னத் தரவுக்கு எது?

பாக்டீரியா வளர்ச்சிக்கு மூன்று அளவுரு (தரவுக்கேற்ப மாற்றிப் பொருத்தும் எண்) கொண்ட, S வடிவ லாஜிஸ்டிக் வளைகோடு போதுமா, இன்னொரு அளவுரு சேர்த்து ரிச்சர்ட்ஸ் வளைகோட்டுக்குப் போகலாமா? கையில் இருந்தது 12 அளவீடு. வளைகோடு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மட்டும் சொல்லும் ஆர் ஸ்கொயரைப் பார்த்துப் பயனில்லை. லாஜிஸ்டிக்கே ரிச்சர்ட்ஸுக்குள் அடங்குவதால் பெரியது எப்படியும் ஜெயிக்கும்.

தலைப்பில் உள்ள மூன்றும் மாடலை, அதாவது இங்கே வளைகோட்டை, தேர்ந்தெடுக்க உதவும் மதிப்பெண்கள். தரவோடு பொருந்தாத அளவோடு அளவுருக்களுக்கான அபராதத்தையும் கூட்டுவார்கள்; குறைந்த எண் ஜெயிக்கும். புள்ளியியலாளர் அகாய்கே 1970களில் தந்த ஏஐசி, ஒவ்வொரு அளவுருவுக்கும் 2 அபராதம் போடுகிறது. ஷ்வார்ஸ் 1978இல் தந்த பிஐசியில் அபராதம், அளவீட்டு எண்ணிக்கையின் இயல் மடக்கை. எட்டு அளவீடு இருந்தாலே அது 2ஐத் தாண்டிவிடும். அதனால் பிஐசிதான் கறார் என்று பெயர். உண்மையான மாடல் பட்டியலில் இருந்தால், தரவு பெருகப் பெருக பிஐசி அதைப் பிடித்துவிடும். ஒரு குடுவைக்குள் நடப்பதை நாலு அளவுரு முழுசாகச் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை. நன்றாகக் கணித்தால் போதும் என்பதால் என் சாய்வு ஏஐசி பக்கம்.

ஆனால் ஏஐசி பெரிய தரவை மனத்தில் வைத்துச் செய்தது. சின்னத் தரவுக்கான திருத்தம்தான் ஏஐசிசி. சுகியூரா 1978இல் தந்ததை ஹர்விச்சும் சாயும் 1989இல் விரிவாக்கினார்கள். நான் எடுத்தது இதைத்தான். காரணம் இந்தக் கணக்கு: பிழையின் சிக்மாவையும் (அளவீடுகள் வளைகோட்டிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் எண்) சேர்த்தால் லாஜிஸ்டிக்குக்கு 4 அளவுரு, ரிச்சர்ட்ஸுக்கு 5. அந்த ஒரு கூடுதல் அளவுருவுக்கு ஏஐசி கேட்பது 2, பிஐசி கேட்பது சுமார் 2.5, ஏஐசிசி கேட்பது 6.3! அதாவது, பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஏஐசிக்கு 15 சதவீதம் குறைந்தால் ரிச்சர்ட்ஸ் தேறிவிடும், பிஐசிக்கு 19, ஏஐசிசிக்கோ 41 சதவீதம் குறைய வேண்டும். இந்த ஜோடிக்கு 24 அளவீடு வரை ஏஐசிசிதான் பிஐசியைவிடக் கறார். 25இல் நிலைமை மாறுகிறது.

சிக்மாவை எண்ண மறந்துவிடாதீர்கள். ஏஐசியில் இரண்டு பக்கமும் ஒன்று கூடுவதால் வித்தியாசம் மாறாது. ஏஐசிசியில் அதை விட்டால் 6.3 என்பது 4.7 ஆகச் சுருங்கிவிடும். அப்புறம், ஒரு மாடலை நேரடி அளவீட்டுக்கும் இன்னொன்றை அதன் மடக்கைக்கும் பொருத்திவிட்டு எண்களை அப்படியே ஒப்பிடவே கூடாது.

ஏஐசிசியின் திருத்தம் நேரியல் மாடலுக்குத்தான் கச்சிதம். இதுபோன்ற வளைகோட்டுக்குத் தோராயம்தான். ஒரே குடுவையில் அடுத்தடுத்து எடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்பது இன்னொரு சிக்கல். இந்தக் கணக்கு பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் போடுவது; அதனால் அந்தச் சிக்கல் மூன்று மதிப்பெண்ணுக்குமே உண்டு. ஆயிரக்கணக்கான வரிசை உள்ள தரவில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே தரவில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதிப்பதைத்தான் முதலில் முயல்வேன்; ஒவ்வோர் அளவீடாக ஒதுக்கிச் சோதிப்பது பெரிய தரவில் ஏஐசியோடு ஒத்துப்போகும் என்று ஸ்டோன் 1977லேயே காட்டியிருக்கிறார்.