தெப்பக்குளமா, ஜிம்மா, யோகா வகுப்பா? நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு எது தோது?

தொந்தி விழுந்து, படி ஏறினால் மூச்சு வாங்கி, டாக்டரும் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிட்டார் என்றால் மதுரையில் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் கண்ணில் படும். தெப்பக்குளத்தையோ ரேஸ்கோர்ஸையோ சுற்றி நடப்பது, ஜிம்மில் பணம் கட்டுவது, யோகா வகுப்பில் சேர்வது. எதில் எடை சீக்கிரம் குறையும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. எடை இறங்காத இரண்டாவது மாதத்தில் நம் ஆட்கள் பாதிப் பேர் விட்டுவிடுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம். எதைச் செய்தால் ராத்திரி தூக்கம் வருகிறது, பகலில் அசதி குறைகிறது, வீட்டில் சிடுசிடுவென்று விழாமல் இருக்க முடிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கட்சி.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் டிரூ என்றொரு ஆய்வு நடந்தது. 45 வயதைத் தாண்டி, மாதவிடாய் நின்று, எடை கூடி, உட்கார்ந்தே பழகிப்போன 464 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் எதுவும் செய்யவில்லை. மற்ற மூன்று பிரிவினரும் ட்ரெட்மில்லிலும் சைக்கிளிலும் ஆறு மாதம் பயிற்சி செய்தார்கள், வாரத்துக்குச் சுமார் 70 நிமிடம், 135 நிமிடம், 190 நிமிடம் என்று. எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனால் 70 நிமிடக்காரர்களுக்கே இதயமும் நுரையீரலும் தெம்பு கூடியிருந்தன. 2009-ல் வெளியான அடுத்த அலசலில், பயிற்சி கூடக்கூட மனநலமும் உடல்நலமும் கூடியது தெரிந்தது. எடை குறைந்ததா இல்லையா என்பதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் அந்தப் பலன் மாறவில்லை. எடை மெஷினில் ஏறி நின்று நொந்துபோகிற எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று ஆசை எனக்கு.

சரி, முதலில் நடை. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ முந்நூறு மீட்டர், ஆக ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீசி நடந்தால் மூன்று சுற்றுக்கு நாற்பது நிமிடத்துக்குள்தான் ஆகும். வாரம் நான்கு நாள் போனாலே உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன 150 நிமிடக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஒரே மூச்சில் முடியாதவர்கள் காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று என்று பிரித்துக்கொள்ளலாம். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அந்த 2020 வழிகாட்டுதலிலேயே எடுத்துவிட்டார்கள். காசு வேண்டாம், கூட்டமும் பேச்சும் இருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் காற்றும் நன்றாக இருக்கும். பழக்கமான நாலு பேர் நமக்காகக் காத்திருப்பார்கள் என்பதற்காகவே படுக்கையை விட்டு எழுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், எந்த ட்ரெயினராலும் அதைச் செய்ய முடியாது.

ஆனால் வேகம் வேண்டும். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. போனை நோண்டிக்கொண்டு ஊர்ந்தால் இதயத்துக்கு வேலையே இல்லை. அப்புறம், 80 கிலோ ஆள் அரை மணி நேரம் நன்றாக நடந்தாலும் செலவாவது 150 கலோரி பக்கம்தான், ராத்திரி இரண்டு பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால் அது எந்த மூலைக்கு? நடை மனசுக்கும் இதயத்துக்கும் நல்லது, தட்டை அது கவனித்துக்கொள்ளாது. சுகருக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் கண்டிப்பாக இருக்கட்டும். சித்திரை வைகாசியில் ஏழு மணி வெயிலே சுள்ளென்று இறங்கிவிடும் என்பதால் ஆறு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுவது நல்லது. முட்டி வலிக்காரர்களுக்குச் சைக்கிளோ நீச்சலோ தேவலாம். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

நடையால் ஆகாத ஒன்று உண்டு, அது தசை. முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. சுற்றி எவ்வளவு நடந்தாலும் கையிலும் தோளிலும் போகிற பலம் திரும்பாது. அதற்கு எடை தூக்கத்தான் வேண்டும், இங்கேதான் ஜிம் ஜெயிக்கிறது. 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அதிக எடைக்காரர்களை எட்டு மாதம் பிரித்துப் பார்த்தார்கள். நடை, ஓட்டம் மாதிரி பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு குறைந்தது, எடை தூக்கியவர்களுக்குத் தசை கூடியது, இரண்டையும் செய்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தது. மனச்சோர்வுக்கும் எடைப் பயிற்சி நல்லது என்று 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் எழுதியிருக்கிறார்கள். ஜிம் என்றால் தோள் புடைக்க என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

என் மனத்தாங்கல் ஜிம் நடத்துகிற விதத்தில்தான். இருபது வயதுப் பையனுக்குத் தருகிற அதே அட்டவணையை ஐம்பது வயது பிபி ஆளுக்கும் தருகிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கனமாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும், அதை முதல் நாளே சொல்லித்தர வேண்டாமா? பெண்களுக்குத் தனி நேரம் இல்லாத இடங்களில் நம் அக்காமார், மதினிமார் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன், ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், பழகியதும் பஸ்கி, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, வாரம் இரண்டு நாள் இவ்வளவு போதும் தொடங்குவதற்கு.

யோகாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன் முயற்சி செய்யலாம் என்று அமெரிக்க மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் கைகொடுக்கும். நிதானமான ஆசனங்களில் இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் நடைக்குப் பதில் யோகா என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடம்பு ரொம்பக் கனத்து, வெளியே நடக்கவே கூச்சப்படுகிறவர்களுக்கு அது நல்ல முதல் வாசல்.

ஆக ஒன்றுதான் முடியும் என்றால் நடை. இரண்டு முடியும் என்றால் நான்கு நாள் நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி, ஜிம்மிலோ வீட்டிலோ. எடை மெஷினைத் தூக்கி வைத்துவிட்டுத் தையல்காரர் டேப்பால் இடுப்பை மாதம் ஒரு தடவை அளங்கள். நம் ஊர் உடம்புக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80, அதைத் தாண்டினால் கவனம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஜிம் என்று முடிவு செய்தவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். வருடச் சந்தாவில் தள்ளுபடி என்பார்கள், பிபியும் முட்டியும் பற்றி ஒரு வார்த்தை கேட்காத இடத்தில் அந்தத் தள்ளுபடி வேண்டாம்.