டிரனி: கொடுங்கோலாட்சியில் ஒரு உத்தியோகம்

வில்லனாக ஆடலாம் என்று ஆசை காட்டும் ஆர்பிஜி கேம்களில், அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வீடியோ கேம்களில், பெரும்பாலும் என்ன நடக்கும்? வழியில் போகிறவனை அடிக்கலாம், கடைக்காரரை மிரட்டிக் காசு பிடுங்கலாம். கதை என்னவோ நல்லவனுக்காக எழுதியதாகவே இருக்கும். நாம் அதில் முரண்டு பிடித்துக்கொண்டு திரிவோம். அப்சிடியன் என்ற கேம் நிறுவனம் 2016 நவம்பரில் கொண்டுவந்த டிரனி அந்த ரகம் இல்லை. இதில் கதை தொடங்கும்போதே தீய பக்கம் ஜெயித்தாகிவிட்டது. கைரோஸ் என்ற பேரரசுத் தலைமை ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியாது. நமக்கு அந்த ஆட்சியில் ஃபேட்பைண்டர் வேலை: ஊர் ஊராகப் போய்த் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. கிட்டத்தட்ட வாள் ஏந்திய தாசில்தார்.

நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வரும். 'எல்லோரும் ஆபீசுக்கு வர வேண்டும்' என்று இருக்கும். யாருக்கு விலக்கு, யாருக்கு மெமோ என்பது எங்கள் தலையில். அதனாலோ என்னவோ, இந்த கேம் என்னைப் பிடித்துக்கொண்டது. இதில் அறம் என்பது நல்லதா கெட்டதா என்று இரண்டு பட்டன் வைப்பதல்ல. உத்தரவு வந்துவிட்டது, அதை எப்படி நிறைவேற்றப் போகிறாய் என்பதுதான் கேள்வி.

முதல் அத்தியாயத்திலேயே இது தெரிந்துவிடும். குறித்த நாளுக்குள் கோட்டையைப் பிடிக்காவிட்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் எல்லோரும் சாக வேண்டும் என்ற கைரோஸின் மந்திர ஆணையை நாம்தான் வாசிக்கிறோம். எல்லோரும் என்றால் எதிரிகள், நம் படைகள், வாசித்த நாம் எல்லாரும்தான். அங்கே இரண்டு தளபதிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிரேவன் ஆஷின் படை கட்டுப்பாடானது, ஆனால் தன் இனத்தார் தவிர யாரையும் மனிதராக மதிக்காது. நெராட்டின் படை தோற்ற ஊர்க்காரர்களையே மிரட்டிச் சேர்த்துக்கொள்ளும் கும்பல். இரண்டில் எது பரவாயில்லை என்று நானும் சித்தி பையனும் ராத்திரி ஒரு மணி வரை வாதாடியிருக்கிறோம். ஒரு முடிவுக்கும் வரவில்லை.

பிளேட் கிரேவ் பகுதிதான் கேமின் உச்சம். அங்கே கைரோஸின் புயல் ஆணை விழுந்திருக்கிறது. ஆட்சி செய்த குடும்பத்தின் ரத்தம் இருக்கும்வரை புயல் ஓயாது. அந்த ரத்தத்தில் மிச்சம் ஒரு கைக்குழந்தை. அதைக் கொல்லும் வாய்ப்பு, மற்ற வாய்ப்புகளைப் போலவே சாதாரணமான ஒரு வரியாகத் திரையில் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி பையன் "வேண்டாங்க்கா, அதைத் தொடாதீங்க" என்று மவுஸையே பிடித்துவிட்டான். கொல்லாமல் முடிக்கவும் வழி உண்டு. எது என்று சொல்லமாட்டேன்.

அப்புறம், நம் முடிவுகளைக் கணக்கு வைக்கும் முறை அருமை. ஒவ்வொரு படையிடமும் நமக்கு ஆதரவும் கோபமும் தனித்தனியாக ஏறும். ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டியதில்லை. கூட வருபவர்களிடமும் அப்படித்தான், விசுவாசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயந்தாலும் நமக்குப் புதிய திறமை கிடைக்கிறது! கொடுமைக்குத் தண்டனை இல்லை, சம்பளம் உண்டு. வில்லன் எப்படி உருவாகிறான் என்பதை இதைவிட நேர்மையாக வேறெந்த கேமிலும் நான் பார்க்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. சண்டை கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடுகிறது. அதே கூட்டம், அதே தந்திரம். மந்திரங்களை நாமே கோத்து உருவாக்கும் வசதி மட்டும்தான் அதைக் காப்பாற்றுகிறது. கடைசிப் பகுதியோ அவசர அவசரமாக ஓடி, நம் கதாபாத்திரம் உண்மையான பலம் பெறும் இடத்தில் பொசுக்கென்று முடிகிறது. சாப்பாடு பரிமாறிக்கொண்டே இலையை எடுத்த மாதிரி எரிச்சலாக இருந்தது. வசனங்கள் ஏகப்பட்டவை, எல்லாம் ஆங்கிலம். சொற்களின் மேல் கர்சரை வைத்தால் விளக்கம் வரும் என்பதால் சமாளிக்கலாம்.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். என் பழைய லேப்டாப்பிலேயே தாராளமாக ஓடியது. பாஸ்டர்ட்ஸ் வூண்ட் என்ற கூடுதல் பகுதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் ஆட்டத்துக்கு அது தேவையில்லை.