பிஸ்கட் டப்பாவில் இருந்த அட்டை

மூன்று வார விடுப்பில் பெர்த்திலிருந்து சிங்கப்பூர் வந்தேன். முன்பல்லைச் சரிசெய்யாமல் திரும்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே பொருத்திய இம்பிளான்ட் அது; தாடை எலும்பில் திருகிய செயற்கை வேர்மேல் நிற்கும் பல். எலும்புக்குள் இருக்கும் திருகு இன்றும் உறுதி. ஆனால் ஈறு மெலிந்து, அதன் வழியே சாம்பல் நிறம் தெரிந்தது. தம்பி மகள் திருமணப் படங்களில்கூட வாயை மூடியபடியே நிற்கிறேன்.

முதலில் அழைத்த பல் மருந்தகத்தில் மொத்தத் தொகையை மட்டும் சொன்னார்கள். திருகையும் பல் உறையையும் இணைக்க உள்ளே வைக்கும் தாங்கி (அபட்மென்ட்) எதனால் ஆனது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. தேக்காவில் இருந்த இன்னொரு மருத்துவரோ, "எந்த நிறுவனத்தின் இம்பிளான்ட், என்ன அளவு?" என்றுதான் ஆரம்பித்தார். ஒவ்வொரு நிறுவனத்தின் இணைப்பும் வேறாம். அந்த விவரங்கள் எழுதிய அட்டையைத் தேடி யீஷூனில் இருந்த அம்மாவை அழைத்தேன். "சாமி அலமாரி, பிஸ்கட் டப்பா" என்றார். தூக்கிப் போடுங்கள் என்று நானே சொல்லிவிட்டுப் போன அட்டை!

பழைய அபட்மென்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார் மருத்துவர். ஆயத்தமாக விற்கும் டைட்டானியம் துண்டு, வட்டமாக இருந்தது. முன்பல்லின் கழுத்தோ கிட்டத்தட்ட முக்கோணம். அதனால் ஈறுக்குச் சரியான தாங்கல் கிடைக்கவில்லை. உலோக நிறமும் வெளியே தெரிந்தது.

புதியது என் ஈற்றின் வடிவத்துக்கே செய்தது. வாயை ஸ்கேன் செய்து, கணினியில் வரைந்து, சிர்கோனியா என்ற பீங்கான் கட்டியில் கடைகிறார்கள். சுமார் 1,500 டிகிரி சூளையில் அது ஏறக்குறைய 20 விழுக்காடு சுருங்கும் என்பதால் முதலில் பெரிதாகவே கடைய வேண்டும். திருகோடு உரசும் அடிப்பகுதி மட்டும் டைட்டானியம். அங்கும் பீங்கானே இருந்தால் எலும்பில் உள்ள திருகைத் தேய்த்துவிடும்.

செலவு முழுவதும் கைக்காசு. சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் அறுவைச் சிகிச்சைப் பகுதிக்குத்தான். தாங்கிக்கும் பல் உறைக்கும் கிடையாது.

பன்னிரண்டாம் நாள் பொருத்தினார்கள். ஈறு ஒரு கணம் வெளுத்தது. பதறிய அம்மாவிடம் தாதி, "அழுத்தத்தால்தான் அம்மா, இரத்தம் திரும்பிவிடும், பாருங்கள்" என்றார். சில நிமிடங்களில் சிவப்பேறியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே தாங்கியைப் பிடிக்கும் சிறு திருகை முறுக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தார். பிறகு புதிய அட்டையையும் வாங்கி டப்பாவில் வைத்தார். இம்முறை நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.